வயிற்று வலி என்று போனால், முதலில் மாத்திரையைச் சொல்லுங்கள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாங்கள் மைக்கைப் பிடித்தால் சேமிப்பு, உள்கடன், பேங்க் தவணை, பதிவேடு எழுதுவது, தணிக்கை என்றுதான் பேசுவோம். "இன்னைக்கும் அதேதானுங்களா?" என்று பின் வரிசையில் ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. இல்லீங்க அக்கா. இன்று ஒரு மாத்திரையைப் பற்றியும் ஒரு வயிற்று வலியைப் பற்றியும் பேசப் போகிறோம். இரண்டும் நம் வீடுகளில் இருப்பதுதான். ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியவில்லை. தெரியாததால் நம் குழுச் சகோதரி ஒருவரை இழந்துவிடப் பார்த்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் டாக்டர்கள் இல்லை. சமூகப்பணி படித்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். நாங்கள் சொல்வதைக் கேட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடம் போனால் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

நடந்தது என்ன?

நம் உறுப்பினர் ஒருவர். பேரும் ஊரும் வேண்டாம். "மத்தவங்களுக்கு ஆகக்கூடாது, சொல்லுங்க" என்று அவரே சொன்னதால் சொல்கிறோம். சின்ன வயதில் அவருக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. பத்து வருஷத்துக்கு மேல் மாத்திரையும் தவறியதில்லை, குழுவில் சந்தாவும் தவறியதில்லை.

நோம்பி முடிந்த மறுநாள் அவருக்கு மேல் வயிற்றில் வலி எடுத்தது. "நோம்பிச் சோறு சேரலீங்க, கேஸ்னு நெனச்சமுங்க" என்றார். ஓமத் தண்ணி குடித்தார், சோடா குடித்தார். வலி முதுகுக்குப் போனது. மல்லாந்து படுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. மருந்துக்கடையில் சொல்லி ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டார்கள். அடுத்த நாள் பக்கத்து ஊரில் ஒரு ஊசி. வாந்தி நிற்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. "வெறும் வயித்துல எதுக்கு" என்று இதய மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தினார். மூன்றாம் நாள் பயம் வந்து, விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போட்டார். ஊசி போட்ட இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றி வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" வீட்டுக்காரர் தறிப்பட்டறையில் ராத்திரி ஷிப்டு. கூடப் போனவர் மாமியார். "ஏதோ ஒரு சின்ன மாத்திரைங்க, சாயங்காலம் போடுவா" என்றார். மாத்திரை அட்டை வீட்டில் பீரோவுக்குள் இருந்தது, சாவி வீட்டுக்காரர் இடுப்பில் இருந்தது. நெஞ்சில் இருந்த ஆபரேஷன் தழும்பைப் பார்த்து அவர்களாகவே சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் உறைய ஆகும் நேரம் அளவுக்கு மேல் போயிருந்தது. பித்தப்பையில் கல் இருந்தது. அந்தக் கல் நழுவி வந்து வழியை அடைத்ததால் கணையம் வீங்கியிருந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். பிறகு பித்தப்பையை எடுத்தார்கள்.

இதில் எங்கள் தவறும் உண்டு. மாதம் இரண்டு முறை அந்தக் குழுவுக்குப் போகிறோம். அவர் வாங்கிய கடன் எவ்வளவு, கறவை மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த மாத்திரை என்ன செய்கிறது?

நாம் அதை ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்கிறோம். ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டு "பிளட் தின்னர்" என்றும் சொல்கிறோம். இந்தப் பேரே நம்மைக் குழப்புகிறது. ரத்தம் தண்ணீராகிவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. பாலுக்கு உறை ஊற்றுகிறோம் அல்லவா? உறைமோரைக் குறைத்தால் தயிர் மெதுவாக உறையும். அதற்காகப் பால் தண்ணீராகிவிடுமா? ரத்தத்திலும் உறைவதற்கான பொருட்கள் இருக்கின்றன. வெட்டுக்காயம் பட்டால் ரத்தம் நிற்பது அவற்றால்தான். அந்தப் பொருட்களில் சிலவற்றைக் கல்லீரல் வைட்டமின் 'கே' என்ற சத்தை வைத்துத் தயாரிக்கிறது. கீரையில் நிறைய இருக்கும் சத்து அது. இந்த மாத்திரை அந்தச் சத்து வேலை செய்வதைத் தடுக்கிறது. அதனால் ரத்தம் மெதுவாக உறைகிறது.

நம் பக்கம் அதிகம் பார்ப்பது அசினோகுமரால் என்ற மருந்து. அட்டையில் அசிட்ரோம் என்று பேர் இருக்கும். அதே வகையில் வார்ஃபரின் இன்னொன்று. ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடுவது ஹெப்பாரின். புதிதாக வந்தவை டபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான். ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்குக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் வேறு வகை. அவற்றாலும் ரத்தம் எளிதில் நிற்காது. அதனால் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதான்.

மாடு வளர்க்கிற நமக்கு இந்த மாத்திரை வந்த கதை நன்றாகப் புரியும். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் செத்தன. கொம்பு சீவினால் ரத்தம் நிற்காது, சின்ன அடி பட்டாலும் உள்ளே ரத்தம் கசியும். இனிப்பு குளோவர் என்ற தீவனப் பயிரை வெட்டிச் சேர்த்து வைத்திருந்தார்கள். அது ஈரத்தில் பூசணம் பிடித்திருந்தது. அதைத் தின்ற மாடுகளுக்குத்தான் இப்படி ஆனது. 1933-ல் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் செத்த கிடேரியையும், உறையாத ரத்தம் நிரம்பிய பால் கேனையும் எடுத்துக்கொண்டு பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் பல வருஷம் உழைத்து, கெட்டுப்போன தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்து எடுத்தார்கள். அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் முதலில் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கு மருந்தானது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எலியைக் கொன்றதும் இந்த வகைப் பொருள்தான், வால்வு வைத்த நம் சகோதரியைப் பத்து வருஷம் காப்பாற்றியதும் இந்த வகைப் பொருள்தான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. அதனால்தான் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை டாக்டர்கள் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடும் பலருக்கு இது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சில வால்வுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், மூளைக்கும் போய் அடைக்கும். ஏறினால் ரத்தம் கசியும்.

யாருக்கெல்லாம் இந்த மாத்திரை கொடுக்கிறார்கள்? செயற்கை உலோக வால்வு வைத்தவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறவர்கள், கால் ரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள். முன்பெல்லாம் செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், விலை எட்டாது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் நம் நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்கினார்கள். 1990 டிசம்பரில் அதை முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஏழை வீடுகளுக்கு வால்வு எட்டியது. வால்வு வந்தால் மாத்திரையும் ஆயுசுக்கும் கூடவே வரும். உலோக வால்வு வைத்தவர்களுக்குப் புது வகை மாத்திரைகள் ஆகாது. "பரிசோதனை இல்லாத மாத்திரை ஒண்ணு இருக்குதாமா" என்று யாராவது சொன்னால் மாற்றிவிடாதீர்கள்.

கணையம் எங்கே இருக்கிறது?

வயிற்றுக்கு, அதாவது இரைப்பைக்கு, பின்புறம் முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது கணையம். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சோற்றையும் எண்ணெயையும் கறியையும் செரிக்கும் நீரைக் குடலுக்கு அனுப்புவது. இன்னொன்று, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பது. அந்தச் செரிக்கும் நீர் குடலுக்குப் போகாமல் கணையத்துக்குள்ளேயே வேலை செய்ய ஆரம்பித்தால், கணையம் தன்னையே அரித்துக்கொள்கிறது. வெந்து வீங்குகிறது. இதுதான் கணைய அழற்சி.

காரணங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பித்தப்பைக் கல், இது பெண்களுக்கு அதிகம். மற்றொன்று சாராயம், பிராந்தி. நம் வீட்டு ஆண்கள் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமானாலும் வரும். சில மருந்துகளாலும் வருவது உண்டு. "ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டதால்தான் கணையம் கெட்டதா?" என்று அந்தச் சகோதரியின் மாமியார் கேட்டார். அப்படி ஆவது மிக மிக அபூர்வம். அந்தப் பயத்தில் மாத்திரையை விட வேண்டாம்.

குடிக்காதவர்களுக்கும், இளவயசுப் பிள்ளைகளுக்கும் கணையத்தில் கல் விழுந்து, அடிக்கடி வலி வந்து, பிறகு சர்க்கரையும் வரும் ஒரு வகை நம் தென்னாட்டில் உண்டு. 1959-ல் இந்தோனேசியாவில் சுய்தெமா என்ற டாக்டர் இதை எழுதினார். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நிறையப் பேரிடம் பார்த்து எழுதினார். மரவள்ளிதான் காரணம் என்று அப்போது சந்தேகப்பட்டார்கள். குச்சிக்கிழங்கு விளைகிற சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய பயமாக இருந்தது. அந்தச் சந்தேகம் பிறகு உறுதியாகவில்லை. பிறவியிலேயே வரும் மரபணு மாற்றம் ஒன்று இந்த நோயாளிகள் பலரிடம் இருப்பதை 2002 வாக்கில் நம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால் கிழங்கு ஆக்கிப் போட்ட தாயை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம்.

கணைய வலியை எப்படித் தெரிந்துகொள்வது? மேல் வயிற்றில் திடீரென்று கடுமையாக வரும். முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். வாந்தி எடுத்தாலும் வலி குறையாது. படுத்தால் கூடும், குனிந்தால் கொஞ்சம் குறையும். ஏப்பம் விட்டால் போகிற வலி இல்லை இது. ரத்தத்தில் அமைலேஸ், லைபேஸ் என்ற இரண்டையும் பார்த்து, ஸ்கேன் எடுத்து உறுதி செய்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஐந்தில் ஒருவருக்கு முற்றிப்போய் உயிருக்கே ஆபத்தாகும். யார் அந்த ஒருவர் என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

இரண்டும் சேரும் இடம்

கணையத்தின் முதுகை ஒட்டியே மண்ணீரலிலிருந்து வரும் ரத்தக் குழாய் ஓடுகிறது. அது குடலிலிருந்து வரும் குழாயோடு சேர்ந்து கல்லீரலுக்குப் போகிறது. கணையம் வெந்து வீங்கினால் பக்கத்துக் குழாயும் சூடு படும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த பாத்திரம் சுடுவதைப் போலத்தான். அந்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டலாம். அப்படிக் கட்டினால், ரத்தம் உறையாத மருந்து தேவைப்படலாம். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், அதே அழற்சி குழாயின் சுவரை அரித்து ரத்தக் கசிவையும் உண்டாக்கும். வழி அடைபட்டதால் இரைப்பையில் உள்ள குழாய்கள் புடைத்து வெடித்து, ரத்த வாந்தியும் வரலாம். அப்போது அதே மருந்து ஆபத்து. ஒரே நோயில் ரத்தம் கட்டவும் செய்யும், கொட்டவும் செய்யும். எந்த நேரத்தில் எது என்று ஸ்கேனைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு ஒரு சம்பவம் சொல்கிறோம். ஒரே வளவில் இரண்டு வீடு. இரண்டு வீட்டிலும் ஆண்களுக்குக் குடியால் கணைய அழற்சி. முதல் வீட்டுக்காரருக்குக் கல்லீரலுக்குப் போகும் பெரிய குழாயில் ரத்தம் கட்டியிருந்தது. சில மாதம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் வீட்டுக்காரருக்கு மண்ணீரல் குழாயில் மட்டும் கட்டியிருந்தது. ஒரு தடவை ரத்த வாந்தியும் எடுத்திருந்தார். அவருக்கு அந்த மாத்திரை வேண்டாம் என்றார்கள். அந்த வீட்டு அக்கா எங்களிடம் அழுதார். "அவிகளுக்குக் குடுத்த மாத்திரைய எங்க ஊட்டுக்காரருக்கு ஏன் குடுக்கலீங்க? காசில்லாதவங்கன்னு வுட்டுட்டாங்களா?" கேட்டதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் நாலு மாத்திரை கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். கொடுத்த அக்காவும் நல்ல மனசோடுதான் கொடுத்திருக்கிறார். குழு ஊக்குநர் பார்த்துத் தடுத்ததால் அந்த மனிதர் பிழைத்தார்.

சகோதரிகளே, சர்க்கரையும் காப்பித்தூளும் கைமாற்று வாங்கலாம். மாத்திரை கைமாற்று வாங்கக் கூடாது.

மூன்றாவதாக ஒன்று, நம் வால்வுச் சகோதரிக்கு நடந்தது. பத்து வருஷம் ஒத்துப்போன மாத்திரை அந்த வாரம் ஏன் மீறியது? சாப்பாடு இல்லை, அதனால் கீரைச் சத்து உள்ளே போகவில்லை. கல் அடைத்துப் பித்தநீர் குடலுக்கு வரவில்லை. பித்தநீரும் கணைய நீரும் இல்லாவிட்டால் எண்ணெய்ப் பசை செரிக்காது. வைட்டமின் 'கே' எண்ணெயோடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும். ஆக எதிர்த்து நிற்க வேண்டிய சத்து குறைந்துபோய், அதே மாத்திரை இரண்டு மடங்கு வேலை செய்தது. அதன் மேல் இரண்டாகப் போட்டது. அதன் மேல் வலி மாத்திரையும் சதையில் போட்ட ஊசியும். நாள்பட்ட கணைய நோய் உள்ளவர்களுக்கும், எண்ணெய் மிதக்கிற மாதிரி மலம் போகிறவர்களுக்கும் இதே காரணத்தால் மாத்திரை ஏறிப்போகலாம். சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் இப்படிச் செய்யும்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்தி ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவார்கள். ஆபரேஷனோ, வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல் எடுப்பதோ தேவைப்பட்டால் ஊசியைச் சீக்கிரம் நிறுத்திக்கொள்ள முடியும். அவர்கள் நிறுத்துவது வேறு, நாம் வீட்டில் நிறுத்துவது வேறு. அவர்கள் ஒரு கையில் எடுத்து மறு கையில் கொடுப்பார்கள். நாம் எடுத்துவிட்டுச் சும்மா இருப்போம்.

நாம் செய்ய வேண்டியது

மாத்திரை அட்டையில் பேரையும் மில்லிகிராமையும் பாருங்கள். ஒரே பேரில் 1, 2, 3, 4 என்று பல அளவு இருக்கிறது. "அதே மாதிரி வெள்ளையா இருந்துச்சு" என்று வாங்கி வரக் கூடாது.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள். விட்டதை நோட்டில் எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள்.

கீரையே ஆகாது என்று பயந்து விடவும் வேண்டாம், வைத்தியம் என்று தினம் ஒரு கட்டு முருங்கைக்கீரை தின்னவும் வேண்டாம். எப்போதும் சாப்பிடுகிற அளவிலேயே இருங்கள். மூலிகைப் பொடி, கஷாயம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மேல் வயிற்று வலி முதுகுக்குப் போனால், இரண்டு நாள் சாப்பாடு இறங்காவிட்டால், கண் மஞ்சளானால், சோடா குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டைக்ளோஃபினாக், ஐபூப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். யார் ஊசி எடுத்தாலும், "நான் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறேன்" என்று அதற்கு முன்னால் சொல்லுங்கள்.

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, சிறுநீரில் ரத்தம், நிற்காத ஈறுக் கசிவு, தொப்புளைச் சுற்றியோ விலாவிலோ நீலம் பாய்வது, கீழே விழுந்து தலையில் அடி படுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். சின்ன அடிதானே என்று விடாதீர்கள்.

இந்த மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு மாதவிலக்கில் போக்கு அதிகமாகலாம், ரத்தசோகை வரலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நாள் தள்ளிப்போனால் உடனே டாக்டரைப் பாருங்கள். அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் வயிற்றில் வளரும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியவை. அதற்காக நீங்களே நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. மாற்று வழி டாக்டரிடம் இருக்கிறது.

ஆண்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கணையத்தில் ஒரு முறை அழற்சி வந்த பிறகு குடியைத் தொடர்ந்தால் திரும்பத் திரும்ப வரும். இந்த மாத்திரையோடு குடித்தால் ரத்தக் கசிவும் சேரும். அந்த இரண்டாம் வீட்டுக்காரர் இப்போது குடிப்பதில்லை. அவர் பெண்டாட்டி, "முந்தானையில முடிஞ்சிருந்த மாத்திரையக் காட்டித்தானுங்க நிறுத்த வெச்சேன்" என்கிறார்.

குழுக்கள் எடுக்க வேண்டிய தீர்மானம்

இன்றைய கூட்டத்தில் நாலு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். ஊருக்குப் போய்க் குழுவில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

முதலாவது, இந்த மாத்திரை சாப்பிடும் ஒவ்வொரு உறுப்பினரும், அவர் வீட்டாரும் ஒரு அட்டை வைத்துக்கொள்வது. பெயர், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எதற்காக, கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு, எந்த டாக்டர், வீட்டு போன் நம்பர். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, சம்மதம் கொடுக்கிறவர்களின் விவரம் மட்டும் குழு ஊக்குநரிடம் இருப்பது. இதை ஊரெல்லாம் பேசக் கூடாது. நோய் என்பது கடன் பாக்கி மாதிரி கூட்டத்தில் வாசிக்கிற விஷயம் இல்லை.

மூன்றாவது, ராத்திரி அவசரத்துக்கு உள்கடன். தீர்மானம் போட்டுவிட்டு அப்புறம் கொடுப்பது என்றில்லாமல், கையிருப்பில் ஒரு தொகையை இதற்கென்று ஒதுக்குவது. ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு டவுனுக்குப் போகும் பஸ் செலவுக்கும் அதிலிருந்து தரலாம். செலவைப் பார்த்துத்தான் பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

நாலாவது, காப்பீட்டு அட்டையைச் சரிபார்ப்பது. 2009-ல் தொடங்கி, 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பேரில் நடப்பது அது. குடும்பத்தில் எல்லார் பேரும் அதில் இருக்கிறதா என்று நல்ல நாளிலேயே பாருங்கள். மில்லில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறவர்கள் அந்தக் கார்டையும் எடுத்து வையுங்கள். முன்பு பெரிய வைத்தியம் என்றால் கோவை பெரியாஸ்பத்திரிதான். 2022 ஜனவரியில் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. அதனால் தூரத்தைக் காரணம் சொல்லிக் காத்திருக்க வேண்டாம்.

முடிக்கும் முன் ஒன்று. நம் வால்வுச் சகோதரி பிழைத்து வந்த பிறகு முதல் குழுக் கூட்டத்துக்கு வந்தார். சந்தா கட்டப் பாஸ் புத்தகத்தை எடுத்தார். அதன் பிளாஸ்டிக் உறைக்குள் மாத்திரை அட்டையும், ஐ.என்.ஆர். எழுதிய சின்னச் சீட்டும் இருந்தன. "பீரோவுல வெச்சா சாவி வேணும். இது எப்பவும் எங்கிட்ட இருக்குமுங்க" என்றார். மாமியாருக்கும் மாத்திரைப் பேரைச் சொல்லிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். அந்த அம்மா, "அசினோகுமராலு, ரெண்டு மில்லி" என்று கூட்டத்திலேயே ஒப்பித்தார். எல்லாரும் சிரித்தோம். எங்களுக்குக் கண்ணும் கலங்கியது.

அடுத்த மாதம் நாங்கள் ஊருக்கு வரும்போது சேமிப்புப் பதிவேட்டோடு உங்கள் பாஸ் புத்தக உறையையும் பார்ப்போம். உள்ளே அட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே உட்கார்ந்து எழுதுவோம்.